பல்லைக் கடிச்சுக்கிட்டு எத்தனை நாள்? வாசகர் கேள்விகளும் பல் டாக்டர் பதில்களும்

போன இதழ்ல "பல்வலி பத்தி என்ன வேணா கேளுங்க"னு ஒரு ஓரமா நாலு வரிதான் போட்டோம், லெட்டரும் வாட்ஸ்அப்புமா வந்து குவிஞ்சிருச்சு. அதுல பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான், ஊருதான் வேற வேற. அதனால அதுலேருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: டாக்டர், கீழ கடைசிக்கு முந்தின கடவாப்பல்லு. ரெண்டு வாரமா ராத்திரி தூக்கமே கிடையாது, விண்ணு விண்ணுனு காது வரைக்கும் தெறிக்கும். சூடா டீ பட்டா உயிர் போயிரும், ஐஸ் தண்ணிய வாயில வச்சிருந்தா மட்டும் கொஞ்சம் அடங்கும், அதனால தலைமாட்டுல ஒரு பாட்டில் வச்சுக்கிட்டுதான் படுப்பேன். போன வியாழக்கிழமை எந்திரிச்சுப் பார்த்தா வலி சுத்தமா இல்ல! அஞ்சு நாளாச்சு. வீட்டுக்காரி டாக்டர்ட்ட போங்கனு நச்சரிக்கிறா. வலியே இல்லாதப்ப எதுக்குப் போகணும்?
வாசகர், விருதுநகர்

பதில்: வீட்டுக்காரம்மா சொல்றதைக் கேளுங்க சார், இந்த வாரத்துக்குள்ளயே போங்க. எங்க கிளினிக்ல எனக்கு ரொம்ப பயத்தைக் குடுக்கிற வார்த்தை "வலிக்குது டாக்டர்" இல்ல, "அப்புறம் தானா நின்னுடுச்சு டாக்டர்"தான்.

பல்லுக்கு நடுவுல ஒரு சின்ன ரூம் மாதிரி இருக்கும், அதுக்குள்ளதான் நரம்பும் ரத்தக்குழாயும். சொத்தை மேல எனாமலைத் தின்னு, அடுத்த லேயரையும் தின்னு, அந்த ரூம் வாசலுக்கு வந்துடுச்சுன்னா உள்ள வீங்க ஆரம்பிக்கும். கையில அடிபட்டா வீங்குது, தோலு விரிஞ்சு இடம் குடுக்குது. பல்லு எங்க விரியும்? சுத்தியும் கல்லு மாதிரி சுவரு. வீங்க இடமில்லாம உள்ளயே அமுக்கும்போதுதான் அந்த விண்ணு விண்ணு. படுத்தா தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடும், அமுக்கம் இன்னும் ஏறும், அதான் பகல்ல சும்மா இருந்தது ராத்திரி பத்து மணிக்கு மேல ஆட்டம் போடுது. சூட்டுக்கு வலி ஏறி ஐஸ் தண்ணிக்கு அடங்குதுன்னா நரம்பு கடைசிக் கட்டத்துல இருக்குன்னு அர்த்தம், நீங்க பாட்டிலோட படுத்தேன்னு எழுதின வரியைப் படிச்சப்பவே எனக்கு முடிவு தெரிஞ்சுபோச்சு.

வியாழக்கிழமை நடந்தது குணமானது இல்ல. நரம்பு செத்துப்போச்சு. செத்தது வலிக்காது, ஆனா கிருமிக்கு அது நல்ல சாப்பாடு. அந்த ரூம்ல குடியிருந்துட்டு வேர் நுனி வழியா மெதுவா எலும்புக்குள்ள இறங்கும். அப்போ வலி வேற மாதிரி திரும்பி வரும், சூடு குளிருக்கு ஒண்ணும் தெரியாது, கடிச்சா மட்டும் சுருக்குனு குத்தும், அந்தப் பல்லு மட்டும் கொஞ்சம் உயரமா நிக்கிற மாதிரி இருக்கும். சில பேருக்கு ஈறுல பரு மாதிரி ஒண்ணு வந்து அப்பப்ப உடைஞ்சு உப்புக் கரிக்கிற மாதிரி ஏதோ வரும், வந்தவுடனே வலி குறையும், "பரு உடைஞ்சுடுச்சு சரியாயிடுச்சு"னு ஆறு மாசம் ஓட்டிட்டு வருவாங்க. அது பரு இல்ல சார், சீழ் வெளிய வர்ற வாசல்.

இப்பவே போனா பெரும்பாலும் ரூட் கெனால் பண்ணி, அதாவது செத்த நரம்பை எடுத்து உள்ள சுத்தம் பண்ணி அடைச்சு, மேல கேப் போட்டு பல்லைக் காப்பாத்திடலாம். எலும்பு ரொம்பக் கரைஞ்சு பல்லு ஆட ஆரம்பிச்சப்புறம் வந்தா எடுக்கிறதைத் தவிர வேற வழி இருக்காது.

கேள்வி: எனக்கு வயசு 26. ஐஸ்கிரீம் சாப்பிட்டா, ஃப்ரிட்ஜ் தண்ணி குடிச்சா பல்லு கூசுது. உடனே போயிரும். இதுக்கும் ஓடணுமா மேடம்?
வாசகி, திருப்பூர்

பதில்: ஓட வேணாம்மா, நடந்தே போகலாம். அடுத்த தடவை கூசும்போது மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணுனு எண்ணிப் பாருங்க. ஜில்லுனு பட்டதை எடுத்தவுடனே ரெண்டு மூணு எண்றதுக்குள்ள நின்னா நரம்பு இன்னும் நல்லா இருக்கு, ஈறு இறங்கியிருக்கலாம், எனாமல் தேஞ்சிருக்கலாம், இல்ல சின்ன சொத்தையா இருக்கலாம், ஃபில்லிங்கோட முடியுற விஷயம். ஒரு மாசத்துக்குள்ள காட்டினா போதும். முப்பது எண்ணியும் நிக்காம இழுத்துக்கிட்டே போகுது, இல்ல எதுவும் சாப்பிடாம சும்மா இருக்கும்போதே வலி கிளம்புது, தூக்கத்துல எழுப்பிவிடுதுன்னா ரெண்டு நாளைக்கு மேல தள்ளாதீங்க. வலி எவ்வளவு பயங்கரம்ங்கிறதை விட எவ்வளவு நேரம் இழுக்குதுங்கிறதுதான் எங்களுக்கு உதவுற கணக்கு.

பிரஷ்ஷை பாத்திரம் தேய்க்கிற மாதிரி அழுத்தி அழுத்தித் தேய்க்கிற பழக்கம் இருந்தா அதை மட்டும் இன்னைக்கே விட்டுடுங்க.

கேள்வி: எங்க மாமனாருக்கு 61 வயசு, சுகர் இருக்கு. கீழ்ப்பல்லு சொத்தை ரொம்ப நாளா இருந்துச்சு. மூணு நாளா கன்னம் வீங்கி, இப்ப தாடைக்குக் கீழயும் வீங்கியிருக்கு. மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஆன்டிபயாடிக் ஆறு மாத்திரை வாங்கிக் குடுத்தோம், மாமியார் உப்பு வறுத்து ஒத்தடம் குடுக்குறாங்க. வாயைத் திறக்க முடியல, கஞ்சி கூட முழுங்க கஷ்டப்படுறார். வீக்கம் வத்தினப்புறம்தான் பல்லைப் பிடுங்குவாங்கனு சொல்றாங்களே, எத்தனை நாள் காத்திருக்கணும்?
வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இந்தக் கேள்விக்கு இதழ் அச்சாகி வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு லெட்டர் கைக்கு வந்த அன்னைக்கே ஆபீஸ்ல சொல்லி உங்களைக் கூப்பிட வச்சேன். அதுக்கு முந்தின ராத்திரியே ஜி.எச்.ல சேர்த்தாச்சு, கீறி சீழ் எடுத்திருக்காங்கன்னு நீங்க சொன்னதைக் கேட்டப்புறம்தான் மூச்சு வந்துச்சு. மத்தவங்களுக்கும் உதவட்டும்னு உங்க கேள்வியை இங்க போடுறேன்.

கீழ் கடவாப்பல்லு, அதுவும் கடைசி ரெண்டு பல்லோட வேர் நுனி வாயோட அடித்தளத்துல இருக்குற தசைக்கும் கீழ இறங்கி நிக்கும். அங்க சீழ் உடைஞ்சா ஈறுப் பக்கம் வராம நேரா தாடைக்குக் கீழ, கழுத்துப் பக்கம் பரவும். ரெண்டு பக்கமும் பரவி நாக்குக்கு அடியிலயும் வீங்கிடுச்சுன்னா நாக்கு மேல தூக்கி பின்னால போயி மூச்சுக்குழாயை அடைக்கும். 1836ல லுட்விக்னு ஒரு ஜெர்மன் டாக்டர் இதை எழுதி வச்சார், அவர் பேருலயே லுட்விக்ஸ் ஆஞ்சைனானு சொல்றோம், ஆஞ்சைனாங்கிற வார்த்தைக்கு மூலமே குரல்வளையை நெரிக்கிறதுங்கிற அர்த்தம்தான். ஆன்டிபயாடிக் இல்லாத காலத்துல இது வந்தவங்கள்ல பாதிக்கு மேல பிழைக்கல. ஒரு சொத்தைப் பல்லுல ஆரம்பிச்சு! இதைச் சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டேங்கிறாங்க, பல்லுல போயி யாராவது சாவாங்களான்னு சிரிக்கிறாங்க.

அதனால வீக்கம்னு வந்துட்டா இதையெல்லாம் பாருங்க. வாயில ரெண்டு விரல் நிமிர்ந்து போற அளவுக்குக் கூடத் திறக்க முடியலையா, எச்சில் முழுங்க முடியாம வழியுதா, பேச்சு வாயில சூடான உருளைக்கிழங்கை வச்சுக்கிட்டு பேசுற மாதிரி மாறிடுச்சா, தாடைக்குக் கீழ கல்லு மாதிரி கெட்டியா இருக்கா, குளிர் காய்ச்சல் அடிக்குதா. மேல் பல்லா இருந்தா வீக்கம் கண்ணுக்குக் கீழ ஏறி இமை மூட ஆரம்பிக்குதா. இதுல ஒண்ணு இருந்தாலும் காலைல பல் கிளினிக் திறக்கட்டும்னு உக்காரக்கூடாது, ராத்திரி ரெண்டு மணின்னாலும் பெரிய ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்குப் போகணும். மூச்சு விடவே கஷ்டப்பட்டா, படுக்க முடியாம எந்திரிச்சு உக்காந்துதான் மூச்சு வாங்குறாங்கன்னா, 108க்கு போன் போடுங்க, படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க. சுகர் இருக்குறவங்களுக்கு இது வேகமா பரவும், சீழ் இருக்குற வரைக்கும் சுகரும் இறங்காது, ஒண்ணை ஒண்ணு ஏத்திவிடும்.

"வீக்கம் வத்தட்டும்"ங்கிற பேச்சு எங்க காலேஜுக்கும் முன்னாடி காலத்துப் பேச்சு. சீழுக்கு வழி பண்ணி வெளிய எடுக்கிறதுதான் வைத்தியம், பல்லை எடுத்தோ திறந்து விட்டோ. ஆன்டிபயாடிக் பரவாம தடுக்க துணைக்கு வரும், அவ்வளவுதான், செத்த நரம்புக்குள்ள ரத்த ஓட்டமே இல்ல, மாத்திரை எந்த வழியா அங்க போகும்? சொந்தமா வாங்கி மூணு நாள் போட்டு நிறுத்தினா வீக்கம் கொஞ்சம் வத்தின மாதிரி காட்டிட்டு அடுத்த மாசம் திரும்பி வரும். வீக்கம் காய்ச்சல் எதுவும் இல்லாத வெறும் பல்வலிக்கு ஆன்டிபயாடிக் எதுக்குமே உதவாது. அப்புறம் அந்த உப்பு ஒத்தடம். மாமியார் பாசத்துலதான் குடுத்தாங்க, ஆனா வெளியில சூடு வச்சா ரத்த ஓட்டம் கூடி வீக்கம் இன்னும் கூடும், சீழ் கன்னத்துப் பக்கமா உடைஞ்சா தோலுல ஓட்டை விழுந்து தழும்பு நிக்கும். வெளிய வைக்கணும்னா துணியில சுத்தின ஐஸ் வைங்க, பத்து பதினஞ்சு நிமிஷம்.

கேள்வி: கிராம்புத் தைலம், புகையிலை, பல்லுக்குள்ள மாத்திரையைப் பொடி பண்ணி வைக்கிறது, கண்டங்கத்திரி விதை புகை, இதுல எது நல்லது? எங்க ஊர்ல புகை பிடிச்சா புழு கீழ விழும்னு காட்டுறாங்க, நானே பார்த்தேன்.
வாசகர், பெரம்பலூர்

பதில்: புழுவைப் பார்த்தேன்னு சொல்றீங்களே, அதைக் கொஞ்சம் பேசணும். சொத்தை புழுவால வர்றது இல்லங்க. நாம சாப்பிடுற இனிப்பும் மாவும் பல்லுல ஒட்டி, வாயில இருக்குற பாக்டீரியா அதைத் தின்னு ஆசிட் விடுது, அது பல்லைக் கரைக்குது. அந்த விதைங்க சூட்டுல வெடிச்சு உள்ள சுருண்டு கிடக்குற முளை வெளிய வந்தா பார்க்க வெள்ளைப் புழு மாதிரியேதான் இருக்கும். அடுத்த தடவை யாரோட வாயும் இல்லாம வெறும் சட்டியில விதையைப் போட்டுப் பாருங்க.

கிராம்புத் தைலத்துல யூஜினால்னு ஒரு பொருள் இருக்கு, அது நிஜமாவே மரத்துப்போக வைக்கும், நாங்களே பல்லுக்குள்ள வைக்கிற மருந்துல சேர்ப்போம். ஆனா பஞ்சுல ஒரு சொட்டு தொட்டு ஓட்டைக்குள்ள மட்டும் வைக்கணும், ஈறுல கன்னத்துல பட்டா வெந்துபோகும், குழந்தைங்களுக்கு வேணவே வேணாம். ராத்திரியைத் தாண்ட உதவும், அதுக்கு மேல இல்ல. ஆஸ்பிரின் மாதிரி மாத்திரையைப் பல்லுக்கிட்ட வச்சா வலி போகாது, ஈறு வெள்ளையா வெந்து உரியும், வாரா வாரம் ஒருத்தராவது அப்படி வர்றாங்க. புகையிலை பத்தி நான் சொல்ல வேணாம், பல்வலிக்குன்னு வாயில அதக்கி வச்சவங்க அப்புறம் அந்தப் பழக்கத்தை விடவே இல்ல.

வலி தாங்கலைன்னா பெரியவங்க பாராசிட்டமால் 500 இல்ல 650 போட்டுக்கலாம், ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு. நாள் முழுக்க சேர்த்து 4 கிராமைத் தாண்டவே கூடாது, தினமும் குடிக்கிறவங்க, கல்லீரல் கோளாறு இருக்குறவங்க டாக்டரைக் கேட்டுட்டுத்தான் போடணும். இதுல ஒரு குழி இருக்கு, கடையில "பல்வலி மாத்திரை"னு குடுக்குறதுல நிறைய மாத்திரைக்குள்ளயே பாராசிட்டமாலும் கலந்திருக்கும், அதையும் போட்டு தனியா காய்ச்சல் மாத்திரையும் போட்டா ரெண்டு மடங்கு உள்ள போயிரும், அட்டையோட பின்பக்கம் படிங்க. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைங்க அல்சர், கிட்னி பிரச்சனை இருக்குறவங்களுக்கு ஆகாது, டெங்கு சீசன்ல காய்ச்சலோட இருந்தா தொடவே தொடாதீங்க.

கேள்வி: நான் அஞ்சு மாசம் கர்ப்பம். பல்வலி தாங்க முடியல. மாமியார் குழந்தை பிறக்குற வரைக்கும் பல் டாக்டர்ட்ட போகக்கூடாதுங்குறாங்க, ஊசி எக்ஸ்ரே எல்லாம் குழந்தையை பாதிக்குமாமே?
வாசகி, சேலம்

பதில்: அஞ்சாம் மாசம்தான் பல் வைத்தியத்துக்கு ரொம்ப வசதியான நேரமே! வாந்தி மயக்கம் அடங்கியிருக்கும், வயிறும் ரொம்பப் பெருசா இருக்காது, சேர்ல சாஞ்சு உக்காரலாம். அவசரம்னா எந்த மாசத்துலயும் பண்ணலாம்னு வச்சுக்கோங்க. மரத்துப்போக நாங்க போடுற லிக்னோகைன் ஊசி கர்ப்பிணிங்களுக்குப் போடக்கூடியதுதான். பல் எக்ஸ்ரேல கதிர் ரொம்ப ரொம்பக் கம்மி, படுறதும் கன்னத்துலதான், வயித்துக்கு ஈயக் கவசம் போட்டு எடுப்பாங்க. வலிக்கு பாராசிட்டமால் சரி, மத்த வலி மாத்திரைங்களை உங்க மகப்பேறு டாக்டரைக் கேக்காம போடாதீங்க, குறிப்பா அஞ்சு மாசம் தாண்டினப்புறம்.

மாமியார்ட்ட சண்டை போடாதீங்க, "சீழ் பிடிச்சு காய்ச்சல் வந்தாதான் குழந்தைக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாங்க"னு என் பேரைச் சொல்லிடுங்க, நான் வாங்கிக்கிறேன்.

கேள்வி: மேல் பல்லைப் பிடுங்கினா கண் பார்வை போயிடுமா?
வாசகர், அறந்தாங்கி

பதில்: போகாது. பல்லுக்குப் போற நரம்பு வேற, பார்வைக்குப் போற நரம்பு வேற. நாப்பது வயசுக்கு மேல பல்லு எடுக்க வருவோம், அதே வயசுலதான் பேப்பர் படிக்க கண்ணாடியும் தேவைப்படும், ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டாங்க. உண்மையில மேல் பல்லுல சீழை வச்சுக்கிட்டு எடுக்காம இருந்தாதான் கண்ணுக்கு ஆபத்து.

கேள்வி: 54 வயசு. ஒரு மாசமா இடது கீழ்த்தாடையில வலி. எந்தப் பல்லுன்னு சொல்லத் தெரியல. பஸ்ஸைப் பிடிக்க வேகமா நடந்தா, மூணாவது மாடி ஏறினா வருது, உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல போயிருது. சாப்பிடும்போது ஒண்ணும் இல்ல. பல்லை எடுத்துடலாமா?
வாசகர், சென்னை

பதில்: சார், என்கிட்ட வராதீங்க. இன்னைக்கே ஒரு இருதய டாக்டரைப் பார்த்து ஈ.சி.ஜி. எடுங்க. பல்வலி மாடிப்படி பார்த்து வராது. நடந்தா வந்து உக்காந்தா போற தாடை வலி இருதயத்துக்கு ரத்தம் பத்தலைங்கிற சேதியா இருக்கலாம், திண்டுக்கல் பதில்ல சொன்ன அதே ஆஞ்சைனாங்கிற பேருதான் இதுக்கும். உக்காந்தும் நிக்காம, வேர்த்துக் கொட்டி, நெஞ்சு கனமா, இடது கை வலியும் சேர்ந்துச்சுன்னா அந்த நிமிஷமே 108. ஆபீஸ்லேருந்து இவருக்கும் போன் பண்ணச் சொல்லியாச்சு.

பல்லு மாதிரியே நடிக்கிற வலி இன்னும் ஒண்ணு ரெண்டு உண்டு. சளி பிடிச்சு, குனிஞ்சா முகம் கனத்து, மேல் கடவாப்பல்லு மூணு நாலும் சேர்ந்து வலிச்சா சைனஸா இருக்கலாம். முகம் கழுவினா, காத்துப் பட்டா கரண்ட் அடிச்ச மாதிரி ரெண்டு செகண்ட் வெட்டிட்டுப் போனா அது முக நரம்பு வலி, அதுக்கு பல்லைப் பிடுங்கிப் பிடுங்கி வாய் காலியான ஆளுங்களை நான் பார்த்திருக்கேன்.

கேள்வி: பையனுக்கு 5 வயசு, பால் பல்லு சொத்தை, ஈறுல சீழ் கட்டி வந்து வந்து போகுது. விழப்போற பல்லுதானே, விட்டுடலாமா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: முன்னாடி பல்லுன்னா ஆறேழு வயசுல விழும், ஆனா கடவாய்ப் பால் பல்லு பத்து பன்னெண்டு வயசு வரைக்கும் இருக்கணும்மா, இன்னும் அஞ்சாறு வருஷம். அதுக்குக் கீழயே நிலைப்பல்லு வளர்ந்துக்கிட்டு இருக்கு, மேல சீழ் இருந்தா அந்தப் புதுப் பல்லு கறை படிஞ்சு எனாமல் சரியா இல்லாம வரலாம். இந்த வாரமே காட்டுங்க. குழந்தை காய்ச்சலோட சோர்ந்து, சாப்பிடாம, முகம் வீங்கியிருந்தா அன்னைக்கே. குழந்தைங்களுக்கு பெரியவங்க மாதிரி வலியைச் சொல்லத் தெரியாது, ஒரு பக்கமாவே மெல்லுறான், ராத்திரி அழுது எந்திரிக்கிறான்னா அதுதான் அவன் சொல்ற விதம். ராத்திரி பால் பாட்டிலோட தூங்குற பழக்கம் சின்னதுல இருந்துச்சான்னு கேட்டா பாதி அம்மாங்க தலையைக் குனிஞ்சுக்கிறாங்க, நான் திட்டுறதுக்குக் கேக்கல, அடுத்த குழந்தைக்காகத்தான் கேக்குறேன்.

கேள்வி: பிரைவேட்ல ரூட் கெனாலுக்கு கேக்குற காசு கட்டுப்படி ஆகல. அதனாலதான் தள்ளிப்போடுறேன்.
வாசகர், காரைக்குடி

பதில்: நியாயம்தான், ஆனா தள்ளிப்போட்டா செலவு குறையாது, ஃபில்லிங்ல முடியுறது ரூட் கெனாலாகும், அது பல்லு கட்டுறதுல போயி நிக்கும். மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரியில பல் பிரிவு இருக்கு, காலைல ஓ.பி. சீட்டு போட்டுப் போங்க. உங்களுக்குப் பக்கத்துலயே புதுக்கோட்டையில 2023ல அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துடுச்சு, சென்னைல 1953லேருந்து அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. பிரைவேட் பல் காலேஜ்லயும் கிளினிக்கை விட ரொம்பக் கம்மியா வாங்குவாங்க, மாணவர்கள் பண்ணினாலும் பக்கத்துல புரொஃபசர் நின்னு பார்ப்பார், என்ன, நேரம்தான் இழுக்கும், நாலு தடவை நடக்க வேண்டி வரும். ரூட் கெனாலுக்கு எங்கயுமே வசதி இல்லைன்னா, சீழ் வச்ச பல்லை வாயில வச்சுக்கிட்டு திரியுறதுக்கு எடுத்துடுறது எவ்வளவோ மேல்.

கேள்வி: பல்லைப் பிடுங்கி நாலாவது நாள். முதல் ரெண்டு நாள் பரவாயில்ல, இப்பதான் பிடுங்கினதுக்கு முன்னாடி இருந்ததை விட வலி ஜாஸ்தி, வாய் நாத்தம் வேற. டாக்டர் வேரை உள்ளயே விட்டுட்டாரோ?
வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: டாக்டரை சந்தேகப்படுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன், பீடி சிகரெட் உண்டா? பல்லு எடுத்த குழியில ரத்தம் உறைஞ்சு மூடி மாதிரி நிக்கணும், அது பேந்து போயிட்டா எலும்பு வெறுமனே தெரியும், காத்து பட்டாலே காது வரைக்கும் வலிக்கும். டிரை சாக்கெட்டுன்னு சொல்லுவோம். புகை இழுக்கிறவங்க, ஸ்ட்ராவுல உறிஞ்சுறவங்க, அன்னைக்கே காறிக் காறித் துப்பி வாய் கொப்பளிக்கிறவங்களுக்கு அதிகமா வரும். ஆன்டிபயாடிக் தேவைப்படாது. எடுத்த டாக்டர்கிட்டயே இன்னைக்குப் போங்க, குழியைக் கழுவி மருந்து வச்ச துணி ஒண்ணு வைப்பார், வச்ச கொஞ்ச நேரத்துலயே ஆளு நிமிர்ந்து உக்காந்துடுவாரு. ரெண்டு மூணு தடவை மாத்த வேண்டியிருக்கும். வேர் சந்தேகத்தை அவர்கிட்டயே நேரா கேளுங்க, ஒரு எக்ஸ்ரேல தெரிஞ்சுடும்.